சர்வர்ல இருந்து கழட்டுன டிஸ்க்கோட நாலு வருஷம்: கம்மி செலவுல 32 டிபி

போட்டோவும் வீடியோவும் எடுத்து சேக்குறவங்களுக்கு இது தெரியும், ஒரு யூஎஸ்பி டிஸ்க் ரொம்புனா இன்னொண்ணு, அது ரொம்புனா இன்னொண்ணுன்னு போய்ட்டே இருக்கும். என்கிட்ட அப்படி அஞ்சு சேந்துச்சு. எது எதுல இருக்குன்னு தேடவே பாதி நாள் போயிடும், அஞ்சையும் ஒரே ஹப்ல மாட்டுனா காப்பி ஓடிட்டிருக்கும்போதே ஒண்ணு காணாம போயிடும். அதுல ரெண்டு எஸ்எம்ஆர் வகை வேற, அதாவது டிராக்க ஒண்ணு மேல ஒண்ணு ஓடு வேயுற மாதிரி எழுதுறது, முதல் கொஞ்ச நேரம் வேகமா போகும், கேஷ் (தற்காலிகமா எழுதி வைக்கிற இடம்) ரொம்புனதும் செகண்டுக்கு 20, 30 எம்பிக்கு எறங்கிடும். எழுதி வச்சிட்டு படிக்க மட்டும்னா பரவால்ல, தினமும் எழுதுற வேலைக்கு வாங்கிடாதீங்க.

ரெடிமேட் நாஸ் பாக்ஸ் (பல டிஸ்க்க மாட்டி வீட்டு நெட்வொர்க்ல இணைக்கிற பெட்டி) பாத்தேன், டிஸ்க்கே இல்லாத காலி பெட்டிக்கு கேட்ட காசுல நிறைய டிஸ்க்கே வாங்கிடலாம் போல இருந்துச்சு. அதனால சும்மா கெடந்த பழைய டெஸ்க்டாப்பை எடுத்து, சர்வர்ல ஓடி கழட்டுன 8 டிபி எண்டர்பிரைஸ் டிஸ்க் ஏழு செகண்ட் ஹேண்ட்ல வாங்குனேன். ஒவ்வொண்ணும் 35,000 மணி நேரத்துக்கு கிட்ட ஓடியிருந்துச்சு, அதாவது நாலு வருஷம் நிக்காம. எனக்கும் பயம்தான். ஆனா இந்த டிஸ்க் எல்லாம் ராத்திரி பகலா ஓடுறதுக்குன்னே செஞ்சது, அதனால மணிக்கணக்க பாத்து ஒதுக்காதீங்க, ஸ்மார்ட் ரிப்போர்ட்ல (டிஸ்க் தன் நிலைமைய தானே குறிச்சு வைக்கிறது) 5, 197, 198 இந்த மூணு நம்பர்லயும் பூஜ்யமான்னு பாருங்க, மூணும் கெட்டுப்போன, சந்தேகமான, படிக்க முடியாத இடங்களோட எண்ணிக்கை.

அதுவும் போதாது. டேட்டா வைக்கிறதுக்கு முன்னாடி லினக்ஸ்ல பேட்பிளாக்ஸ் ரைட் டெஸ்ட் ஓட்டியே ஆகணும் (டிஸ்க்ல இருக்குறது எல்லாம் அழிஞ்சிடும், காலி டிஸ்க்ல மட்டும்). நாலு தடவ முழுசா எழுதி நாலு தடவ படிக்கும், 8 டிபிக்கு அஞ்சு நாள் கிட்ட ஆகும், பிளாக் சைஸ் 4096னு குடுக்கணும் இல்லன்னா இவ்ளோ பெரிய டிஸ்க்க எடுத்துக்காது. ஏழுல ஒண்ணு மூணாவது நாள் 197 ஏற ஆரம்பிச்சிடுச்சு, திருப்பி அனுப்பிட்டேன். அந்த அஞ்சு நாள் பொறுமைதான் இந்த மொத்த வேலையிலயும் பெரிய மிச்சம்னு நான் நினைக்கிறேன்.

மதர்போர்டுல நாலு சாட்டா போர்ட்தான் (டிஸ்க் மாட்டுற இடம்) இருந்துச்சு, அதுக்கு எல்எஸ்ஐ 9207-8ஐங்கிற டிஸ்க் மாட்டுற கார்டு பழசு ஒண்ணு வாங்குனேன், ஐடி மோட் ஃபர்ம்வேர் (டிஸ்க்க அப்படியே சிஸ்டத்துக்கு காட்டுறது) போட்டது, ரெண்டு கேபிள்ல எட்டு டிஸ்க் மாட்டலாம். சர்வர் காத்தோட்டத்துக்கு செஞ்ச கார்டுங்கிறதால சாதா கேபினட்ல கொதிக்கும், மேல சின்ன ஃபேன் ஒண்ணு கட்டி விடுங்க. இந்த கார்டு இருந்தா எஸ்ஏஎஸ் டிஸ்க்கும் (சர்வருக்குன்னு வர்ற வேற வகை) ஓடும், சாட்டா போர்ட்ல ஓடாது. ஆனா சில எஸ்ஏஎஸ் டிஸ்க் 520 பைட் செக்டர்ல (டிஸ்க்ல எழுதுற சின்ன துண்டோட அளவு) வரும், 512க்கு ஃபார்மட் பண்ணாம சிஸ்டம் ஏத்துக்காது.

ரெண்டு டிஸ்க் கரண்ட் குடுத்தும் சுத்தவே இல்ல. செத்துப்போச்சுன்னு நினைச்சேன், பாத்தா பவர் கனெக்டர்ல மூணாவது பின்ல 3.3 வோல்ட் வந்தா புது சாட்டா ஸ்பெக்ல டிஸ்க் ஆஃப்லயே நிக்குமாம். அந்த பின்ன மட்டும் காப்டான் டேப் (கரண்ட் கடத்தாத, சூடு தாங்குற டேப்) ஒட்டி மறைச்சேன், ஓடிடுச்சு. மோலெக்ஸ் (பழைய நாலு பின் பவர் கனெக்டர்) டு சாட்டா கன்வெர்ட்டர் போட்டாலும் சரியாகும், ஆனா பிளாஸ்டிக்க உருக்கி வார்த்த மாதிரி இருக்குற வகை வேண்டவே வேண்டாம், உள்ள ஷார்ட் ஆகி தீப்பிடிக்க வாய்ப்பு இருக்கு.

ரெய்டு (பல டிஸ்க்ல டேட்டாவ பிரிச்சு ஒண்ணா ஓட்டுறது) போடல. ஸ்னாப்ரெய்டும் (டிஸ்க் செத்தா மீட்டெடுக்க) மெர்ஜர்எஃப்எஸ்ஸும்தான் (எல்லா டிஸ்க்கையும் ஒண்ணா காட்ட), நாலு டேட்டா டிஸ்க், ரெண்டு பாரிட்டி டிஸ்க், அதாவது செத்த டிஸ்க்ல இருந்தத திரும்ப உருவாக்க உதவுற கணக்கு வைக்கிறது. 32 டிபின்னு சொன்னாலும் சிஸ்டம் கணக்குல 29.1தான் காட்டும், டிஸ்க் கம்பெனி ஆயிரமா எண்ணுறதுக்கும் சிஸ்டம் 1024ஆ எண்ணுறதுக்கும் உள்ள வித்தியாசம். ஒவ்வொரு ஃபைலும் ஒரே டிஸ்க்ல முழுசா இருக்குறதால ஒரு டிஸ்க்க கழட்டி வேற மெஷின்ல மாட்டுனாலும் படிக்கலாம், வீடியோ பாக்கும்போது அந்த ஒரு டிஸ்க் மட்டும் சுத்துனா போதும். கரண்ட் பில்லுக்கு இது முக்கியம், ஆறும் சும்மா சுத்திட்டிருந்தாலே 40 வாட், மாசத்துக்கு 29 யூனிட் கிட்ட வரும். குறைன்னா, ராத்திரி சிங்க் (பாரிட்டிய புதுப்பிக்கிற வேலை) ஓடுறதுக்கு முன்னாடி சேத்த ஃபைலுக்கு பாதுகாப்பு இல்ல, தினமும் மாறுற டேட்டாபேஸ் மாதிரி விஷயத்துக்கு இது ஆகாது.

மூணாவது வருஷம் ஒரு டிஸ்க்ல 5ஆம் நம்பர் வாரத்துக்கு வாரம் ஏறிச்சு, ஒருநாள் சுத்தமா நின்னுடுச்சு. புதுசு மாட்டி ஃபிக்ஸ் கமாண்ட் குடுத்தேன், ஒரு பகல் ஒரு ராத்திரி ஓடுச்சு, மறுநாள் காலைல ஒரு ஃபைல் விடாம எல்லாம் இருந்துச்சு. அன்னைக்கு வந்த நிம்மதிய சொல்லி முடியாது. இருந்தாலும் பாரிட்டி பேக்கப் ஆகாது, தப்பா டெலீட் பண்ணி சிங்க்கும் ஓடிட்டா போச்சு, அதனால குடும்ப போட்டோ மட்டும் அந்த பழைய யூஎஸ்பி டிஸ்க்குல ஒரு காப்பி போட்டு சொந்தக்காரங்க வீட்ல வச்சிருக்கேன்.

16 டிபி எஸ்எஸ்டின்னு சல்லிசு விலைக்கு வர்றத மட்டும் நம்பாதீங்க, உள்ள சின்ன மெமரி கார்டுதான், அளவு மட்டும் பொய்யா காட்டும். எஃப்3 இல்லன்னா எச்2டெஸ்ட்டபிள்யூங்கிற அளவு சோதிக்கிற சாஃப்ட்வேர் ஓட்டுனா தெரிஞ்சிடும்.

இப்போ இடம் மறுபடி ரொம்பிட்டு வருது. ஒவ்வொரு பாரிட்டி டிஸ்க்கும் இருக்குறதுலயே பெரிய டேட்டா டிஸ்க்குக்கு சமமாவோ பெருசாவோ இருக்கணும்ங்கிறதால முதல்ல அந்த ரெண்டையும் 16 டிபிக்கு மாத்தப்போறேன், அங்க இருந்து வெளிய வர்ற 8 டிபி ரெண்டும் டேட்டா பக்கம் வந்துடும். டிஸ்க் வந்ததும் மறுபடி பேட்பிளாக்ஸ்தான், இந்த தடவ ஒரு வாரத்துக்கு மேல ஓடும்.