புது கடை வெப்சைட் கூகுள்ல வரணும்னா மேப்பா, விளம்பரமா, ஏஜென்சியா, நம்மளே எழுதுறதா?

மும்பை தாராவில காலா கில்லா, 90 ஃபீட் ரோடு பக்கம் லெதர் கடை வச்சிருக்கிற நம்ம ஆளுங்ககிட்ட பேசினா இப்ப ஒரே புலம்பல்தான், வெப்சைட் போட்டாச்சு, காசும் கொடுத்தாச்சு, ஆனா கூகுள்ல தேடினா நம்மளைக் காணோம்னு. உடனே ஆளுக்கு ஒரு வைத்தியம். விளம்பரம் போடுங்கன்னு ஒருத்தர், மாசாமாசம் கொடுங்க ஃபர்ஸ்ட் பேஜ்ல கொண்டு வரோம்னு ஒரு ஏஜென்சி, ஜஸ்ட்டயல் மாதிரி டைரக்டரில பேக்கேஜ் எடுங்க சார்னு போன்ல ஒரு குரல், இன்ஸ்டா போதும்ணேன்னு பக்கத்துக் கடைப் பையன். எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் போட்டுட்டு எதுலயும் ஒண்ணும் தேறாம நிக்கிறவங்கதான் அதிகம். சித்தப்பா கடை ஆன்லைன் வேலையை நான் பாக்கிறதால உதாரணமெல்லாம் லெதர் கடைலேர்ந்தே வரும், ஆனா கேட்டரிங், டெய்லரிங், முறுக்கு கம்பெனின்னு எதுக்கும் கணக்கு இதேதான்.

மொதல்ல ஒண்ணு. நம்ம சைட் இருக்கிறதே கூகுளுக்குத் தெரியலங்கிறது ஒரு பிரச்சனை, தெரிஞ்சும் முன்னாடி காட்டலங்கிறது வேற பிரச்சனை. மொத பிரச்சனைக்குப் பைசா செலவு கிடையாது. கூகுள் பெட்டில சைட்னு இங்கிலீஷ்ல அடிச்சு, கோலன் போட்டு, இடம் விடாம உங்க டொமைன் பேரைப் போட்டுப் பாருங்க, பக்கங்கள் வந்தா உள்ள இருக்கீங்க. வரலைன்னா சர்ச் கன்சோல்ங்கிற கூகுளோட இலவச டூல்ல டொமைனை வெரிஃபை பண்ணி, சைட்மேப், அதாவது உங்க பக்கங்களோட பட்டியல் கொடுத்து, முக்கியமான பக்கங்களை மட்டும் யூஆர்எல் இன்ஸ்பெக்ஷன்ல போட்டு இன்டெக்ஸ் பண்ணச் சொல்லி, அதாவது கூகுள் பட்டியல்ல சேத்துக்கச் சொல்லிக் கேளுங்க. சில நாள்லேர்ந்து சில வாரம் வரை ஆகலாம்னு கூகுளே சொல்லுது, அதே பக்கத்தைத் தினமும் போய் அமுக்கினா சீக்கிரம் வந்துடாது. வேர்ட்பிரஸ் சைட்டா இருந்தா ரீடிங் செட்டிங்ஸ்ல சர்ச் எஞ்சின் வர வேண்டாம்னு ஒரு டிக் இருக்கும், சைட் கட்டும்போது போட்டுட்டு டெவலப்பர் எடுக்காம விட்டிருப்பார், அது ஒண்ணுதான் மொத்த வில்லங்கமும்னு பல இடத்துல பாத்திருக்கேன்.

அப்படியே பிங் வெப்மாஸ்டர் டூல்ஸ்லயும் ஒரு கணக்கு தொறந்துடுங்க, சர்ச் கன்சோல்ல இருக்கிறதை அப்படியே இம்போர்ட் பண்ணிக்கும், டக்டக்கோ ரிசல்ட்டும் பெரும்பாலும் பிங்ல இருந்துதான் போகுது. 2021ல பிங்கும் யாண்டெக்ஸும் சேர்ந்து இன்டெக்ஸ்நவ்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, பக்கம் மாறினா நாமே தட்டிச் சொல்ற வசதி, ஆனா கூகுள் அதுல சேரல. நூத்துக்கணக்கான சர்ச் எஞ்சின்ல சப்மிட் பண்ணித் தரோம்னு யாராவது வந்தா டீ கொடுத்து அனுப்பிடுங்க.

இவ்வளவும் முடிச்சதுக்கு அப்புறம் சித்தப்பா கேட்டார், "ஏல, நம்ம கடைப் பேரைப் போட்டா வருதுல்லா, பொறவு என்னத்துக்கு மெனக்கெடுத?" நான் சொன்னேன், "பேரு தெரிஞ்சவன் போன் போட்டுருவான் சித்தப்பா, பேரே தெரியாதவன் என்னத்த அடிப்பான்?" அங்கதான் ரெண்டாவது பிரச்சனை ஆரம்பிக்குது, போட்டியும் அங்கதான்.

இந்த எல்லா வழிகளையும் எடை போட நான் வச்சிருக்கிற ஒரே கேள்வி, தேடுற ஆள் எங்க நின்னுட்டுத் தேடுறான்ங்கிறதுதான். சயான் ஸ்டேஷன்ல இறங்கி லெதர் ஜாக்கெட் வாங்க வர்றவனும், புனேல ஆபீஸ்ல உக்காந்துட்டு ஸ்டாஃபுக்கு 200 லேப்டாப் பேக் லோகோ போட்டு வேணும்னு தேடுற பர்ச்சேஸ் மேனேஜரும் ஒரே ஆள் கிடையாது. மொத ஆளுக்கு ஜெயிக்கிற வழி ரெண்டாவது ஆள்கிட்ட செல்லாது.

மேப்பும் விளம்பரமும்

கடைக்கு நேர்ல வர்ற கிராக்கிதான் உங்களுக்கு முக்கியம்னா மேப்பை அடிச்சுக்க ஆளே இல்ல. கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல், 2021 வரைக்கும் கூகுள் மை பிசினஸ்னு பேரு, இலவசம். மேப்ல யாரை முன்னாடி காட்டுறதுன்னு கூகுள் மூணு விஷயத்தைப் பாக்குது, தேடினதுக்கும் உங்க தொழிலுக்கும் பொருத்தம், தூரம், எவ்வளவு பேருக்குத் தெரிஞ்ச கடைங்கிறது. இதுல தூரம் நமக்கு லட்டு மாதிரி அமைஞ்சிருக்கு, ஏன்னா காசுள்ள பிகேசி (பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்) ஆபீஸ்கள் எல்லாம் தாராவிக்கு ஒட்டின மாதிரிதான் இருக்கு, அங்க லஞ்ச் டைம்ல ஒருத்தன் லெதர் பேக் ஷாப் நியர் மின்னு அடிச்சா அந்தேரிக் கடையை விட நம்ம கடை மேல வர வாய்ப்பு ஜாஸ்தி. அதையே அவன் தூரத்துல பவாய்ல நின்னு அடிச்சா நம்ம கதை வேற.

வெரிஃபிகேஷன்தான் கொஞ்சம் படுத்தும். இப்ப நிறைய பேருக்கு வீடியோ எடுக்கச் சொல்லுது, ரோடு, கடை போர்டு, உள்ள சரக்கு, நீங்கதான் நடத்துறீங்கன்னு காட்ட ஷட்டர் தொறக்கிறது இல்ல பில் மெஷின், எல்லாம் கட் பண்ணாம ஒரே ஷாட்ல. மெயின் ரோட்டுக் கடைக்குப் பிரச்சனை இல்ல. உள் கல்லில, அதாவது உள் சந்துல இருக்கிறவங்க மெயின் ரோட்ல ஆளுக்குத் தெரிஞ்ச ஒரு போர்டுலேர்ந்து ஷூட் பண்ணிட்டே நடந்து வாங்க, தலைக்கு மேல தார்பாய், கீழ சாக்கடை மூடி, எதிர்ல கைவண்டி, பரவாயில்ல, நிக்காம வாங்க, கடை போர்டு தெளிவாத் தெரிஞ்சா போதும். முடிஞ்சதும் மேப்ல உங்க கடையைக் காட்டுற குறி, அந்த பின், எங்க விழுந்திருக்குன்னு சாட்டிலைட் வியூல பாத்து நகர்த்துங்க, உள் கல்லில அது பின்னாடி இருக்கிற சால் (வரிசை வீடு) மேல போய் உக்காந்திருக்கும், வர்றவன் சுத்திட்டுத் திரும்பிப் போயிருவான்.

பேர் விஷயத்துல புத்திசாலித்தனம் வேண்டாம். போர்டுல இருக்கிற பேரை விட்டுட்டு பெஸ்ட் லெதர் பேக் ஹோல்சேல் மும்பைன்னு நீட்டிப் போட்டா ரூலுக்கு விரோதம், ப்ரொஃபைலையே தூக்கிடலாம். ரிவ்யூ போட்டா பத்து பர்சென்ட் தள்ளுபடின்னு எழுதி ஒட்டுறதும் அதே கேஸ்தான். சும்மா பில் கொடுக்கும்போது வாயால கேளுங்க.

இன்னொன்னு, மேப் இருந்தா வெப்சைட் எதுக்குன்னு கேக்கிறவங்களுக்கு. கூகுள் முன்னாடி அந்த ப்ரொஃபைல்லயே இலவசமா ஒரு குட்டி வெப்சைட் கொடுத்துட்டு இருந்துச்சு, 2024 மார்ச்ல இழுத்து மூடிட்டாங்க, அதை நம்பி விசிட்டிங் கார்டு அடிச்சவங்க பாடு திண்டாட்டம். தாராவில ரீடெவலப்மென்ட் பேச்சு வேற ஓடிட்டே இருக்கு, கடை இடம் மாறினா பின்னும் மாறும், டொமைன் மாறாது.

விளம்பரத்தோட ஒரே பலம் வேகம். இன்னைக்குப் போட்டா இன்னைக்கே மேல நிக்கலாம், காசு நிறுத்தினா இன்னைக்கே காணாமப் போகலாம். கூகுள் ஆட்ஸ்ல காசு போட்டா சாதா ரிசல்ட்லயும் ஏத்தி விடுவாங்கன்னு ஒரு நம்பிக்கை ஊர் பூரா இருக்கு, அது சுத்தமா கிடையாது, ரெண்டும் வேற வேற தண்டவாளம். போடுறவங்க மூணு இடத்தைப் பாருங்க. லொகேஷன்ல அந்த ஊர்ல இருக்கிறவங்கன்னு மட்டும் வைக்கணும், விட்டா மும்பைல ஆர்வம் இருக்கிறவங்கன்னு எங்கயோ இருக்கிறவனுக்கும் காட்டும். டிஸ்ப்ளே நெட்வொர்க், அதாவது மத்தவங்க சைட்லயும் ஆப்லயும் விளம்பரம் காட்டுறது, அந்த டிக்கை எடுத்துடுங்க. அப்புறம் சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட், உண்மைல என்ன அடிச்சு உங்க விளம்பரத்தைக் கிளிக் பண்ணாங்கங்கிற பட்டியல், அதைப் படிச்சாதான் வயிறு எரியும். பேக் ஜிப் ரிப்பேர், ரெக்சின் பேக், லெதர் கம்பெனி வேலை, செகண்ட் ஹேண்ட் ஜாக்கெட், ஒவ்வொண்ணுக்கும் நம்ம காசு போயிருக்கும், இந்த வார்த்தைகளை எல்லாம் நெகட்டிவ் கீவேர்டுல, அதாவது இதை அடிச்சா என் விளம்பரத்தைக் காட்டாதேங்கிற பட்டியல்ல தள்ளணும். மேல 18 பர்சென்ட் ஜிஎஸ்டி, ரிஜிஸ்டர் பண்ணியிருந்தா கிரெடிட் எடுத்துக்கலாம்.

என் கணக்குல, வருஷம் பூரா விளம்பரம் போடுறது சின்னக் கடைக்குத் தாங்காது. தீபாவளி கார்ப்பரேட் கிஃப்ட் சீசன்ல மட்டும், அதுவும் மொத்த ஆர்டர் தேடுறவங்களைக் குறி வச்சுப் போட்டா நியாயம், ஒரு ஆர்டர் விழுந்தா செலவு ஈடாகிடும். ஒத்தை பர்ஸ் விக்கிறதுக்கு விளம்பரம் போட்டா கிளிக்குக்குக் கொடுத்தது பர்ஸ்ல நிக்கிற லாபத்தைத் தின்னுடும்.

டைரக்டரி பத்திச் சுருக்கமா. ஜஸ்ட்டயலும் இண்டியாமார்ட்டும் 1996லேர்ந்து இருக்கிறதுங்க, உங்க புது சைட்டுக்கு முன்னாடி அதுங்கதான் வரும், அதனால இலவச லிஸ்டிங் கண்டிப்பாப் போட்டு வைங்க, பேர், அட்ரஸ், நம்பர் மூணும் மேப்ல இருக்கிற மாதிரியே எழுத்துப் பிசகாம. காசு பேக்கேஜ்னா யோசிங்க, இந்த மாதிரி இடங்கள்ல ஒரே என்கொயரி பல கடைக்குப் போகும், யார் ரேட் குறைக்கிறாங்கங்கிற சண்டைதான் மிஞ்சும். இன்ஸ்டா சரக்கு காட்ட நல்லது, ஆனா பர்ச்சேஸ் மேனேஜர் வெண்டர் தேடி ரீல்ஸ் பாக்க மாட்டார்.

ஏஜென்சியும் சொந்த எழுத்தும்

நல்லா வேலை பாக்கிற ஏஜென்சி இருக்காங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா கடைக்கடையா ஏறி இறங்குறவங்க விக்கிற பேக்கேஜ்ல பாதி பேக்லிங்க்தான், அதாவது மத்த சைட்லேர்ந்து உங்க சைட்டுக்கு வர்ற லிங்க், மாசம் இத்தனை லிங்க்னு எண்ணிக் கொடுப்பாங்க. கூகுள் 2012 ஏப்ரல்ல பெங்குவின் அப்டேட் விட்டு இந்த லிங்க் வியாபாரத்தை அடிச்சதுலேர்ந்து கதை மாறிப்போச்சு, ரேங்குக்காக லிங்க் வாங்குறதே ஸ்பேம்னு அவங்க பாலிசில இருக்கு, 2022 டிசம்பர்லேர்ந்து ஸ்பாம்பிரெயின்னு ஒரு சிஸ்டம் வச்சு அந்த மாதிரி லிங்குக்கு மதிப்பே இல்லாமப் பண்றாங்க. அப்ப மாசாமாசம் நீங்க கொடுக்கிறது எதுக்கு? முதலிடம் கேரண்டின்னு எவனாலும் சொல்ல முடியாதுன்னு கூகுளே எழுதி வச்சிருக்கு. மெட்டா கீவேர்ட், அதாவது பக்கத்தோட கோடுக்குள்ள மறைவா எழுதுற தேடல் வார்த்தைகள், போட்டுத் தரோம்னு இன்னமும் கொட்டேஷன்ல ஒரு லைன் வருது, அதை ரேங்குக்குப் பாக்கிறதே இல்லன்னு கூகுள் சொன்னது 2009ல.

இதை விட மோசம் ஒண்ணு இருக்கு. சித்தப்பாவுக்கு முதல்ல சைட் பண்ணின ஒரு ஏஜென்சி, டொமைன், சர்ச் கன்சோல், மேப் ப்ரொஃபைல் எல்லாத்தையும் அவங்க மெயில் ஐடில தொறந்து வச்சிருந்தாங்க, பணம் நிறுத்தினதும் போனையே எடுக்கல, சாவி அவங்க கைல. ஏஜென்சி வைக்கிறதா இருந்தா எல்லாக் கணக்கும் உங்க மெயில்ல ஓனரா இருக்கணும், அவங்களை மேனேஜரா மட்டும் சேருங்க. இதுக்கு முகம் சுளிக்கிறவன்கிட்ட வேலையே கொடுக்காதீங்க.

நம்மளே எழுதுறதுதான் இருக்கிறதுலயே மெதுவான வழி, அந்தப் புனே மேனேஜரைப் பிடிக்க எனக்குத் தெரிஞ்சு உருப்படியான வழியும் அதுதான். அவர் பக்கத்துல இல்ல, மேப் உதவாது. அவர் கேக்கிற கேள்விக்கு உங்க பக்கத்துல பதில் இருக்கணும். ஆனா நம்ம ஆளுங்க சைட்டைத் தொறந்தா ஹோம் பேஜ்ல பெஸ்ட் குவாலிட்டி, பெஸ்ட் பிரைஸ், கீழ வாட்ஸப் பேனரை அப்படியே படமாத் தூக்கிப் போட்டிருப்பாங்க, விலை, அளவு எல்லாம் படத்துக்குள்ள, கூகுள் படிக்க எழுத்தா ஒரு வரி கிடையாது.

கடைல கேக்கிற கேள்விகளை ஒரு நோட்டுல எழுதி வைங்க, பாதி வேலை முடிஞ்சது. குறைஞ்சது எத்தனை பீஸ் எடுக்கணும், லோகோ எம்பாஸிங்கா (அழுத்திப் பதிக்கிறதா) பிரிண்டா, அதுக்கு அச்சு (டை) செய்ய எத்தனை நாள், சாம்பிள் காசா இலவசமா, புனேக்கு டிரான்ஸ்போர்ட் யார் தலையில. அப்புறம் எல்லாரும் கேக்கிற ஒண்ணு, இது மாட்டுத் தோலா? 2015ல மகாராஷ்டிராவுல காளை, எருது வெட்டுறதுக்கும் சேர்த்துத் தடை வந்ததுலேர்ந்து வாங்குறவங்களுக்கு அதுல ஒரு தயக்கம், எருமைத் தோல் எது, ஆட்டுத் தோல் எது, சரக்கு சென்னைல இருந்து வருதா கான்பூர்ல இருந்தா, ஃபுல் கிரெயினுக்கும் ஜெனியூன் லெதர்னு முத்திரை குத்தினதுக்கும் என்ன வித்தியாசம்னு தெளிவா ஒரு பக்கம் எழுதினா அதை எழுத உங்களை விடத் தகுதியான ஆள் எவன் இருக்கான்? ஏஜென்சில உக்காந்துட்டு எழுதுற பையன் தோலைக் கைல தொட்டிருக்க மாட்டான். லேப்டாப் பேக்குக்கு ஒரு பக்கம், வாலட்டுக்கு ஒண்ணு, பெல்ட்டுக்கு ஒண்ணு, தலைப்புல என்ன பொருள், எந்த ஊர், மொத்தமாங்கிறது தெரியணும். மொபைல்ல சரியாத் தெரியுதான்னு பாருங்க, கூகுள் இப்ப இன்டெக்ஸ் பண்றது மொபைல்ல தெரியிற பக்கத்தை வச்சுத்தான்.

பலன் எப்ப வரும்னா, எஸ்இஓ, அதாவது தேடல்ல முன்னாடி வர சைட்டைச் சரி பண்ற வேலை, பண்ணிப் பலன் தெரிய நாலு மாசத்துலேர்ந்து ஒரு வருஷம் ஆகும்னு கூகுள்காரங்களே 2017ல ஒரு வீடியோல சொல்லியிருக்காங்க. தீபாவளி கிஃப்டுக்குக் கம்பெனிக்காரங்க கொட்டேஷன் கேக்க ஆரம்பிக்கிறது ஆகஸ்ட், செப்டம்பர்ல. அதனால இந்த வருஷம் எழுதுறதுல பிடிக்கணும்னா ஹோலி நேரத்துக்குள்ள பக்கங்கள் ஏறியிருக்கணும், கணேஷ் சதுர்த்தி பந்தல் போடும்போது ஞாபகம் வந்தா அந்த சீசனுக்கு விளம்பரத்துக்குத்தான் காசு எடுத்து வைக்கணும்.