வால்வா, டிரான்சிஸ்டரா? முதலில் ஸ்பீக்கரின் பின்பக்கத்தைப் பாருங்கள்

டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் வால்வு ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் ஸ்பீக்கர் என்ன? பெரும்பாலும் பதில் வராது. ஆம்ப்பைப் பற்றி மாதக்கணக்கில் படித்திருப்பார்கள். ஸ்பீக்கரின் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவைகூடக் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

அங்கேயோ கூட வந்த தாளிலோ இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபெல் கேட்கும் என்ற கணக்கு. வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். 300பி வால்வு ஒற்றையாக வேலை செய்யும் ஆம்ப் சுமார் 8 வாட் தரும். அதை 87 டெசிபெல் ஸ்பீக்கரில் மாட்டினால் உச்சம் 96. 100 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் அதே ஸ்பீக்கர் 107 வரை போகும். வீட்டுக்கு 96 தாராளம் என்று தோன்றும். ஆனால் நாம் உட்காருவது மூன்று மீட்டர் தள்ளி. பாட்டின் சராசரிச் சத்தத்துக்கும் திடீரென்று விழும் ஒரு தாள அடிக்கும் நடுவே 15 டெசிபெல் இடைவெளி சர்வ சாதாரணம். அந்த அடி வரும்போது 8 வாட்டுக்கு மூச்சு வாங்கும். 97 டெசிபெல் ஹார்ன் ஸ்பீக்கராக இருந்தால் அதே 8 வாட் தேவைக்கும் மிச்சம்.

இரண்டாவது எண் ஓம், அதாவது மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பின் அளவு. 8 ஓம் என்று போட்டிருப்பது ஒரு பேச்சுக்கு. ஸ்பீக்கரின் இந்த எதிர்ப்பு (இம்பீடன்ஸ்) ஒலியின் அதிர்வெண்ணுக்குத் தகுந்தபடி மாறிக்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் 4க்கு இறங்கும், பாஸ் பக்கம் 20, 30 என்று ஏறும். டிரான்சிஸ்டர் ஆம்ப் இதைக் கண்டுகொள்ளாது. அதன் சொந்த வெளியீட்டு இம்பீடன்ஸ் பெரும்பாலும் 0.1 ஓமுக்கும் கீழே. வால்வில் அது 1, 2 ஓம் இருக்கும். ஃபீட்பேக் (வெளியீட்டில் கொஞ்சத்தை உள்ளீட்டுக்கே திருப்பி அனுப்பிப் பிழையைத் திருத்தும் முறை) இல்லாத வகையில் இன்னும் கூடும். அதனால் ஸ்பீக்கரின் ஓம் ஏறும் இடத்தில் சத்தமும் கொஞ்சம் ஏறும், இறங்கும் இடத்தில் இறங்கும். யாரோ ஈக்வலைசரைத் தொட்டுவிட்டுப் போன மாதிரி.

'வால்வு சவுண்டு' என்கிறார்களே, அதில் பாதி இதுதான் என்பது என் கட்சி. என்னிடம் இருக்கும் சின்ன இஎல்84 வால்வு ஆம்ப்பை இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களில் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டிருக்கிறேன். ஒன்றில் குரல் எதிரே வந்து உட்கார்ந்தது. இன்னொன்றில் பாஸ் கொழகொழவென்று போனது. ஆம்ப் என்னவோ அதேதான்.

மீதிப் பாதி டிஸ்டார்ஷன், அதாவது மூல ஒலியில் இல்லாததை ஆம்ப் சேர்ப்பது. ஒற்றை வால்வு ஆம்ப் முழு வாட்டை நெருங்கும்போது அது சில சதவீதம்கூட வரும்; நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் 0.01க்கும் கீழே. எண்ணைப் பார்த்தால் வால்வு படுதோல்வி. ஆனால் வால்வு சேர்ப்பது பெரும்பாலும் இரண்டாம் ஹார்மோனிக், அதாவது அதே ஸ்வரத்தின் மேல் ஸ்தாயி. ஒருவர் 'ஸ' பிடிக்கும்போது இன்னொருவர் மேல் 'ஸ' பிடித்தால் உறுத்துமா என்ன? காது அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல் 'நிறைவாக இருக்கிறது' என்கிறது. டிரான்சிஸ்டர் எல்லை தாண்டினால் அலையின் தலையை நறுக்கிவிடும். அது காதைக் கீறும். ஆனால் வீட்டுக்குள் 100 வாட் எல்லை தாண்டுவது அபூர்வம்.

1985ல் அமெரிக்க ஆம்ப் வடிவமைப்பாளர் பாப் கார்வர், ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்காரர்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த விலை உயர்ந்த ஆம்ப் போலவே தன் டிரான்சிஸ்டர் ஆம்ப்பையும் ஒலிக்கச் செய்கிறேன் என்று சவால் விட்டார். கொடுத்தது வால்வு ஆம்ப். தன் ஆம்ப்பைத் திருத்தி அவர் கொண்டுவந்து வைத்தபோது அவர்களால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வால்வில் மந்திரம் ஏதும் இல்லை என்று நம்ப எனக்கு இது போதும்.

சரி, வீட்டில் வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது எப்படி? டிரான்சிஸ்டரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வைத்துவிட்டு மறந்துவிடலாம். இருபது வருடம் கழித்து கெப்பாசிட்டர் மாற்ற வேண்டி வரலாம், அவ்வளவுதான். வால்வு அப்படியில்லை. ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வாக நான்கு இஎல்34 இருந்தால், பாட்டே ஓடாவிட்டாலும், அவற்றைச் சூடாக்கும் ஹீட்டருக்கு மட்டும் 38 வாட் போய்க்கொண்டே இருக்கும். பவர் வால்வின் ஆயுள் பொதுவாக 2,000 முதல் 5,000 மணி நேரம். தினம் 3 மணி நேரம் கேட்டால் ஏறக்குறைய இரண்டிலிருந்து நாலரை வருடம். மாற்றும்போது ஜோடிப் பொருத்தம் பார்க்க வேண்டும், பல ஆம்ப்களில் பயாஸும் (பாட்டு இல்லாதபோது வால்வில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு) வைக்க வேண்டும். கண்ணாடியின் உச்சியில் வெள்ளி பூசினாற்போல் ஒரு திட்டு இருக்கும். அது பால் வெள்ளையாகிவிட்டால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, தூக்கிப் போட வேண்டியதுதான். அணைத்த பிறகும் உள்ளே 400 வோல்ட் வரை தங்கியிருக்கும் என்பதால் மூடியைத் திறந்து நோண்டும் பழக்கம் உள்ளவர்கள் ஜாக்கிரதை.

நான் பட்டது வேறு. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்க ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டேன். டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் இது ஒன்றுமே இல்லை. அதற்கு ஆகாதது வயர் ஒன்றோடொன்று தொடுவது. வால்வில் நேர்மாறு. சுமை இல்லாமல், வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி, அதன் கம்பிச் சுற்று கருகிவிட்டது. அந்த டிரான்ஸ்ஃபார்மர்தான் ஆம்ப்பிலேயே கனமானதும் விலை கூடினதும்.

இருந்தும் அதைச் சரிசெய்து வைத்திருக்கிறேன். ராத்திரி சுவிட்ச் போட்டதும் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் கண்ணாடிக்குள் செம்மஞ்சளாக ஓர் இழை தெரியும், பாட்டு மெல்ல ஏறி வரும். அதற்காக வாங்கினாலும் தப்பில்லை. ஆனால் சவுண்டுக்காகத்தான் வாங்கினேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

முதல் கட்டத்துக்கு வால்வு ப்ரீஆம்ப், ஸ்பீக்கரை ஓட்டும் கடைசிக் கட்டத்துக்கு டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப் என்று கலந்து வைப்பதும் உண்டு. இசிசி83 போன்ற சின்ன வால்வுகள் பவர் வால்வைவிட நிறைய நாள் உழைக்கும், ஸ்பீக்கரைப் பற்றிய கவலையும் போய்விடும். ஆனால் கிடைப்பது அந்த மேல் ஸ்தாயிப் பாதி மட்டுமே. ஸ்பீக்கரோடு சேர்ந்து வரும் மற்றப் பாதி கிடைக்காது. என் இரண்டாவது ஜோடி ஸ்பீக்கருக்கு அதுவே நல்லது.