புயலா, டொர்னாடோவா? என் ஓட்டு டொர்னாடோவுக்கு

இரண்டில் ஒன்று கட்டாயம் வந்தே தீரும், எது வேண்டும் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் யோசிக்காமல் புயல் என்பார்கள். நான் டொர்னாடோ கட்சி, அதாவது இடிமேகத்திலிருந்து தரைவரை இறங்கிச் சுழலும் காற்றுத் தூணின் கட்சி. டொர்னாடோவை வீடியோவில் மட்டுமே பார்த்தவனின் தீர்ப்பு இது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

புயலுக்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடலாம். பெயர் சூட்டிக்கொண்டு வரும், போகும் வழியை நாலைந்து நாள் முன்பே ஓரளவு கணித்துவிடலாம். டொர்னாடோவுக்குப் பெயர் கிடையாது. அமெரிக்காவிலேயே எச்சரிக்கை கிடைப்பது சராசரியாகப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு முன்புதான். இந்த ரவுண்டு புயலுக்கு.

காற்றின் வேகத்தில் டொர்னாடோ முந்தும், அதில் விவாதமே இல்லை. ஆனால் அதற்கு மார்க் போடும் முறை வேடிக்கையானது. புயலின் வகையைக் காற்றின் வேகத்தை வைத்துச் சொல்வார்கள். டொர்னாடோவுக்கோ, அது போன பிறகு ஆட்கள் வந்து எந்தச் சுவர் விழுந்தது, எந்தக் கூரை பறந்தது, வீட்டை அஸ்திவாரத்தோடு போல்ட் போட்டு இணைத்திருந்தார்களா என்று பார்த்து 0 முதல் 5 வரை தரம் தருவார்கள். 2013 மே 31 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், எல் ரீனோ ஊர்ப் பக்கம் வந்த டொர்னாடோவின் அகலம் மட்டும் சுமார் 4.2 கிலோமீட்டர். நடமாடும் ரேடார் மணிக்கு 450 கிலோமீட்டருக்கும் மேல் வேகம் காட்டியது. பெரும்பாலும் வெட்டவெளியில் சுற்றியதால் கிடைத்த தரம் 3. உடைக்க வீடு இல்லாவிட்டால் ராட்சசனும் சராசரி மாணவன்தான்!

என் ஓட்டைத் தீர்மானித்தது இது எதுவுமில்லை, ஒளிய இடம் இருக்கிறதா என்பதுதான். புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்கு வரும், மணிக்கணக்கில் அடிக்கும். அப்புறம்தான் நிஜமான வில்லன், தண்ணீர். புயல் சாவுகளில் பெரும்பங்கு கடல் பொங்கி உள்ளே புகுவதாலும் மழை வெள்ளத்தாலும்தான். அந்த நேரத்தில் தரைக்குக் கீழே உள்ள அறைக்குள் போனால் முதலில் மூழ்குவது நாம்தான். டொர்னாடோவுக்கு அதே அறைதான் ஆகச் சிறந்த இடம். பெரும்பாலானவை பத்து நிமிடம்கூடத் தாங்காது, அகலமும் சில பத்து மீட்டர்தான். தெருவின் இந்தப் பக்கம் தரைமட்டம், எதிர்ப்பக்கம் பூந்தொட்டிகூடச் சாயாமல் நிற்கும். கீழ் அறை இல்லாவிட்டால் ஜன்னல் இல்லாத உள்ளறை, தலைக்கு ஒரு ஹெல்மெட். அழுத்தம் சமமாகட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைப்பது வெறும் கட்டுக்கதை, அந்த நேரத்தில் ஒளிகிற வேலையைப் பாருங்கள்.

எல்லா டொர்னாடோவும் இப்படி அவசரமாகக் கிளம்பிவிடாது. 1925 மார்ச் 18 அன்று மிசௌரி, இல்லினாய், இந்தியானா என மூன்று மாநிலங்களை மூன்றரை மணி நேரம் உழுத ஒன்று 695 பேரைக் கொன்றது. அமெரிக்காவில் டிரெய்லர் போன்ற நகரும் வீடுகளில் குடியிருப்பவர்களும் தயவுசெய்து என் கட்சியில் சேர வேண்டாம். அந்த வீட்டுக்குக் கீழே அறை கிடையாது, வீடே காற்றோடு கிளம்பிவிடும். எச்சரிக்கை வந்தவுடன் பக்கத்தில் உள்ள கெட்டியான கட்டடத்துக்கு ஓடியாக வேண்டும். கிடைக்கிற பத்து நிமிடத்தில் அவர்கள் புயலுக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள்.