தங்க ஆணியும் இரும்பு ஆணியும்: இரண்டு ரயில் விழாக்கள்

தங்க ஆணியில் பொறித்த தேதி மே 8. விழா நடந்ததோ மே 10. 1869இல் அமெரிக்காவின் முதல் கண்டம் கடந்த ரயில் பாதை, யூட்டாவின் பிராமன்டரி சம்மிட்டில் கடைசி ஆணி அடித்து இணைக்கப்பட்டபோதுதான் இந்தக் குழப்பம். கிழக்கிலிருந்து பாதை போட்டுக்கொண்டு வந்த யூனியன் பசிபிக் கம்பெனியின் துணைத்தலைவர் தாமஸ் டுராண்ட் விழாவுக்குப் புறப்பட்டு வந்தார். வயோமிங்கில் பீட்மான்ட் என்ற இடத்தில் தொழிலாளர்கள் அவர் வந்த பெட்டியை மறித்துவிட்டார்கள். மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி. பணத்தைக் கொடு, அப்புறம் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். மழையில் பாலம் பழுதானதும் சேர்ந்துகொள்ள, விழா இரண்டு நாள் தள்ளிப்போனது. சான் பிரான்சிஸ்கோவும் சாக்ரமென்டோவும் காத்திருக்கவில்லை, குறித்தபடி 8ஆம் தேதியே கொண்டாடிவிட்டன.

பதினாறு ஆண்டு கழித்து, 1885 நவம்பர் 7 காலை 9.22க்கு, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிரெய்கெல்லாச்சி என்ற மலைப்பகுதியில், அந்த நாட்டின் கண்டம் கடந்த பாதைக்கான கடைசி ஆணி இறங்கியது. அது சாதாரண இரும்பு ஆணி. அந்தப் பாதையைப் போட்ட கனடியன் பசிபிக் ரயில்வேயின் மேலாளர் வில்லியம் வான் ஹார்ன் முன்பே சொல்லிவைத்திருந்தார்: மற்ற ஆணிகளைப் போலத்தான் கடைசி ஆணியும் இருக்கும், அது அடிப்பதைப் பார்க்க வருகிறவர்கள் முழு டிக்கெட் எடுத்து வரட்டும் என்று.

இந்த இரண்டில் எது நல்ல விழா? என் மனம் கனடாவின் பக்கம் சாய்கிறது. ஆனால் அது அவ்வளவு எளிதான முடிவு இல்லை.

முதலில் ஆணியைப் பார்ப்போம். பிராமன்டரிக்கு வந்த தங்க ஆணி 17.6 காரட். சான் பிரான்சிஸ்கோவின் டேவிட் ஹியூஸ் செய்துகொடுத்தது. அதோடு நெவாடாவின் வெள்ளி ஆணி, அரிசோனாவின் கலப்பு உலோக ஆணி, இன்னொரு தங்க ஆணி எல்லாம் வந்தன. மெருகேற்றிய லாரல் மரக் கட்டையில் முன்னமே துளை போட்டு வைத்திருந்தார்கள். இந்த ஆணிகளை அதில் செருகினார்கள், உடனே எடுத்தும் விட்டார்கள். அந்த லாரல் கட்டையையும் பெயர்த்துவிட்டு, சாதாரண ஸ்லீப்பர் கட்டையும் இரும்பு ஆணியும் வைத்தார்கள். அதாவது வண்டி ஓடியது தங்கத்தின் மேல் இல்லை. லாரல் கட்டை 1906 சான் பிரான்சிஸ்கோ பூகம்பத் தீயில் எரிந்துபோனது. தங்க ஆணி இப்போது ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கனடாவிலும் ஒரு வெள்ளி ஆணி தயாராக இருந்ததுதான். அதைச் செய்துவைத்த கவர்னர் ஜெனரல் லான்ஸ்டவுன் பிரபுவால் வர முடியாமல் போனது, ஆணியும் வரவில்லை. எளிமையை வான் ஹார்னின் குணத்துக்கு மட்டும் பாராட்டாகச் சேர்ப்பது சரியாகாது. அந்த வருடம் கம்பெனி திவாலாகும் நிலைக்குப் போய் மீண்டிருந்தது. தங்கத்துக்குச் செலவழிக்கிற நிலைமையில் அவர்கள் இல்லை. (இந்த இரண்டுக்கும் இடையில், 1883இல் அமெரிக்காவின் நார்தர்ன் பசிபிக் ரயில் கம்பெனியின் தலைவர் ஹென்றி வில்லார்ட் மொன்டானாவின் கோல்ட் கிரீக்குக்குத் தனி ரயில்களில் விருந்தினர்களை அழைத்துவந்து தன் பாதையின் கடைசி ஆணிக்குப் பெரிய விழா எடுத்தார். அடுத்த ஜனவரியிலேயே பதவியை விட்டு இறங்க வேண்டியதாயிற்று.)

சுத்தியலைப் பிடித்தவர்கள் இரண்டு இடத்திலும் முதலாளிகள்தான். பிராமன்டரியில், மேற்கிலிருந்து பாதை போட்டுவந்த சென்ட்ரல் பசிபிக் கம்பெனியின் தலைவர் லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட். ஆணி அடிக்கும் சத்தமே தந்திக் கம்பியில் போகட்டும் என்று இணைப்பு கொடுத்திருந்தார்கள். அவர் ஓங்கிய முதல் அடி ஆணியில் படவே இல்லை என்று சொல்வார்கள். தந்திக்காரர் 'முடிந்தது' என்ற ஒரே சொல்லை அனுப்பினார். அந்த ஒரு சொல் போன ஊரிலெல்லாம் பீரங்கி வெடித்தது, மணி அடித்தது. ஒரு நாடு முழுக்க ஒரே நேரத்தில் ஒரு செய்தியைக் கேட்டது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது. இந்த ஒரு விஷயத்தில் கிரெய்கெல்லாச்சி பக்கத்தில்கூட வராது.

அங்கே கனடியன் பசிபிக்கின் இயக்குநர் டொனால்ட் ஸ்மித் அடித்த முதல் ஆணி வளைந்துவிட்டது. அதைப் பிடுங்கி இன்னொன்றை வைத்தார்கள். அவர் கவனமாகத் தட்டி இறக்கினார். பேசச் சொன்னபோது வான் ஹார்ன், வேலை எல்லா வகையிலும் நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது என்று மட்டும் சொன்னார். வளைந்த ஆணியை ஸ்மித் எடுத்துவைத்துக்கொண்டார். எனக்கு மிகவும் பிடித்த ஆணி அதுதான், ஏனென்றால் ஆணி அடிப்பது ஒரு தொழில், அதற்குக் கை பழகியிருக்க வேண்டும் என்று அது காட்டிவிட்டது.

கை பழகியவர்கள் எங்கே? என் சாய்வு ஆட்டம் காண்பது இந்தக் கேள்வியில்தான். சென்ட்ரல் பசிபிக்கின் ஆட்களில் பெரும்பாலோர் சீனர்கள். சியரா நெவாடா மலையின் கருங்கல்லைக் குடைந்து சுரங்கம் போட்டவர்கள். 1867இல் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, உணவை நிறுத்தி அவர்களைப் பணிய வைத்தது கம்பெனி. பிராமன்டரியில் மேற்குப் பக்கத்தின் கடைசித் தண்டவாளத்தைத் தூக்கிவந்தது சீனக் குழுதான். ஆனால் ஆண்ட்ரூ ரஸ்ஸல் எடுத்த புகழ்பெற்ற படத்தில், இரண்டு எஞ்சின்களுக்கு நடுவே கைகுலுக்கும் கூட்டத்தில், அவர்களைக் காணோம். அப்படியிருந்தும் அமெரிக்க விழாவுக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகத் தருவேன். மே 8 அன்று சாக்ரமென்டோ மேடையில் சென்ட்ரல் பசிபிக்கின் வழக்கறிஞர் எட்வின் கிராக்கர், இந்தப் பாதை சீக்கிரம் முடிந்ததற்குப் பெரும் காரணம் எல்லோரும் இழிவாகப் பார்க்கும் சீனத் தொழிலாளர்கள்தான் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

கனடாவில் அந்த ஒரு வார்த்தைகூட இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாப் பகுதியில் வேலை செய்த சீனர்கள் சுமார் 15,000 பேர், குறைந்தது 600 பேர் இறந்தார்கள். அலெக்சாண்டர் ராஸ் எடுத்த படத்தில், ஸ்மித் குனிந்து சுத்தியல் பிடித்திருக்க, பின்னால் கோட்டும் தாடியுமாகக் கனவான்கள் நிற்கிறார்கள். சீன முகம் ஒன்றுமில்லை. அதே 1885இல்தான் நாட்டுக்குள் வரும் சீனர்களுக்கு 50 டாலர் தலைவரி போட்டார்கள். 1903இல் அது 500 ஆனது. அரசு மன்னிப்புக் கேட்டது 2006இல்.

இன்று நேரில் போய்ப் பார்க்கிறவருக்கு எது? பிராமன்டரி வழியாக ரயில் போவதில்லை. 1904இல் உப்பு ஏரியைக் குறுக்கே கடந்து புதுப் பாதை வந்தது, 1942இல் பழைய தண்டவாளத்தைப் போருக்காகப் பெயர்த்துவிட்டார்கள். இப்போது அங்கே, அன்று விழாவில் எதிரெதிரே நின்ற ஜூபிடர், 119 என்ற இரண்டு எஞ்சின்களின் அசல் போன்ற நகல்களை ஓட்டிக்காட்டுகிறார்கள். எஞ்சின் பிரியர்களுக்கு அதுவே போதும். கிரெய்கெல்லாச்சியில் நினைவுத் தூணை ஒட்டிய பாதையில் சரக்கு ரயில்கள் இன்னும் போய்க்கொண்டிருக்கின்றன.

அப்புறம் கிரெய்கெல்லாச்சியில் எடுத்த இன்னொரு படமும் இருக்கிறது. பெரியவர்கள் கிளம்பிப் போன பிறகு, திரும்பிப்போக ரயிலுக்குக் காத்திருந்த தொழிலாளர்கள் தாங்களே ஒரு கடைசி ஆணி விழா நடத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு நாடுகளின் விழாப் படங்களில் எதை உன் சுவரில் மாட்டுவாய் என்று கேட்டால், இதைத்தான் எடுப்பேன்.