"பூனைக்கு மட்டும் திறக்கும்" தீனிப் பெட்டி: காசு கட்டமுதல் இதை வாசிங்க

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் முகநூலில் இப்ப ஒரு விளம்பரம் சுத்துது. "சிப் உள்ள தானியங்கிப் பெட்டி, உங்கட பூனை வந்தா மட்டும் மூடி திறக்கும், நாய் வந்தா திறக்காது." பொருள் கையில வந்த பிறகு காசு கட்டினாப் போதும் என்றும் போட்டிருக்கு. பூனையின்ட தீனியை எங்கட பொமேரியன் நாய் தின்னாம இருக்க, நான் நம்பி எடுத்தது 9,800 ரூபாய்க்கு. சிப் என்றது பூனையை அடையாளம் காட்டுற சின்ன மின்னணுத் துண்டு. வந்த பெட்டியோட சிப்பும் இல்ல, அதைப் படிக்கிற கருவியும் இல்ல. முன்னால எது வந்தாலும் திறக்கிற அகச்சிவப்புச் சென்சர் மட்டும்தான், கிட்டப் போனா வாய் திறக்கிற குப்பை வாளி மாதிரி. பொமேரியன் மூக்கை நீட்டினதும் மூடி மரியாதையாத் திறந்து வழிவிட்டது. விற்றவங்களிட்ட கேட்டா "சார்ஜ் போட்டுப் பாருங்க" என்றார்கள். மறுகா பதிலே இல்ல.

உண்மையான பெட்டி எப்படி இருக்கும் என்று தெரிஞ்சா ஏமாறத் தேவையில்ல. கிண்ணத்துக்கு மேல ஒரு வளைவு இருக்கும். சிப்பைப் படிக்கிற கம்பிச்சுருள் அதுக்குள்ளதான். பூனை அதுக்குக் கீழ தலையை விடும்போது தோளுக்கிடையில் தோலுக்குக் கீழ போட்ட சிப்பையோ கழுத்துப் பட்டியில தொங்குற சிப் வில்லையையோ சில சென்ரிமீற்றர் தூரத்தில படிக்கும். சிப்பில பற்றரி கிடையாது, அதாலதான் தூரத்தில இருந்து படிக்க ஏலாது. தோலுக்குக் கீழ உள்ள சிப்பைப் படிக்கிற பெட்டி என்றா அதன்ட விபரத்தில "134.2 கிலோஹேர்ட்ஸ்" அல்லது "15 இலக்கச் சிப்" என்று எழுதியிருக்க வேணும். வில்லை மட்டும் படிக்கிற வகையும் இருக்கு. நம்மட பக்கம் சிப் போட்ட பூனை குறைவு, அதால பெட்டியோட வில்லை வருதா என்று கேளுங்க. வெளிநாட்டிலேயே நல்லது ஒன்று 100 டொலருக்கு மேல. பத்தாயிரத்துக்குள்ள தாறான் என்றா அங்கேயே சந்தேகப்படுங்க.

சோதனை ஒரு நிமிஷ வேலை. வில்லை இல்லாம வெறுங்கையை நீட்டுங்க. மூடி திறந்தா அது வெறும் சென்சர்தான். வாங்கமுதல் விற்கிறவரிட்ட ஒரே வீடியோவில வில்லையோட ஒருக்கா, வில்லை இல்லாம ஒருக்கா காட்டச் சொல்லுங்க. கூரியர்காரர் காசு வாங்காம பொதியைத் திறக்க விடமாட்டார், அதால திறக்கிறதை முழுசா வீடியோ எடுங்க. விளம்பரத்தையும் படம் பிடிச்சு வைங்க, பிறகு அழிச்சிடுவாங்க. ஏமாந்தா முறையிட நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில, வாங்கி மூன்று மாதத்துக்குள்ள கொடுக்க வேணும்.

"பூனைத் தீனியை நாய் தின்டா என்ன, புரதம்தானே" என்று கேட்கிற ஆக்களும் இருக்கினம். அது சரியில்ல. விலங்குத் தீனிக்கு நியமம் வகுக்கிற அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பின்படி வளர்ந்த பூனையின் தீனியில, ஈரத்தைக் கழிச்சுப் பார்த்தா, குறைஞ்சது 26 வீதம் புரதம், 9 வீதம் கொழுப்பு வேணும். நாய்க்கு 18, 5.5. நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு உலர் தீனி 55 முதல் 60 கிராம் போதும். அதில 200 கலோரிக்கு மேல இருக்கும். அதே நிறையுள்ள நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவையே ஏறக்குறைய 300. அப்ப பூனைக் கிண்ணத்தைக் காலியாக்கிப் போட்டுத் தன்ட சாப்பாட்டையும் தின்னுற நாய் கொழுக்காம என்ன செய்யும்? திரும்பத் திரும்ப வாந்தி, முதுகை வளைச்சு நிற்கிறது, முன்பக்கம் தாழ்த்திப் பின்பக்கம் தூக்குறது கண்டா அது கணைய அழற்சியா இருக்கலாம். அன்றைக்கே மிருக வைத்தியரிட்ட கொண்டு போங்க, பனடோல் கொடுக்க வேணாம். ரெண்டுக்கும் நாய்த் தீனியே போடுவம் என்ற யோசனையும் ஆகாது. ரோரின் என்ற சத்துப் போதாம பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும்.

உண்மையான பெட்டியிலும் ஓட்டை உண்டு: பூனை தின்னும்போது மூடி திறந்தே இருக்கும், சின்ன நாய் பக்கத்தால தலையை நுழைக்கும். சுவர் மூலையில வைச்சு மற்றப் பக்கத்தை பலகையால மறைங்க.

காசில்லாத வழி, உயரம்தான். மூன்றடி மேசையோ குசினி யன்னல் கட்டோ போதும். பூனை ஒரே தாவல்ல ஏறும். எல்லாரும் விடுற பிழை, பக்கத்தில கதிரையை விடுறது. கதிரை, அரிசி வாளி, வாங்கு எல்லாத்தையும் தள்ளி வைங்க, பொமேரியன் படி கண்டுபிடிக்கும். கதவைக் கொக்கி போட்டு நாலு அங்குலம் திறந்து விடுற உபாயம் பெரிய நாய்க்குத்தான். பூனையளவு நாய் அதுக்குள்ளால போயிடும். தீனியை மூன்று தரமாப் பிரிச்சு வைச்சு, 20 நிமிஷத்தில கிண்ணத்தை எடுங்க. அந்த நேரம் நாய்க்கு வேற அறையில அதன்ட சாப்பாடு. எறும்புக்குக் கிண்ணத்தை ஒரு தட்டுத் தண்ணிக்குள்ள வைங்க. மூட்டு நோவுள்ள கிழட்டுப் பூனைக்கு இந்த உயரம் சரிவராது. அதைக் கதவு மூடின அறைக்குள்ள வைச்சுத்தான் தின்ன விட வேணும்.