பலகையா, மேடையா? மழைவெள்ளத்துக்கு முன் ஒரு வீடும் இரண்டு பழைய கார்களும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகும் நகராமல் அதே இடத்தில் நின்று பெய்தபோது, எங்கள் போர்ட்டிகோவில் நின்றிருந்த 1976ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 3 காரின் இருக்கை வரை தண்ணீர் ஏறியது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழையைக் கண்ட ஊரில், ரெயின்போ நகரை ஒட்டிய பள்ளமான தெருவில் குடியிருப்பவன் அதற்காக யாரையும் நொந்துகொள்ள முடியாது. கிருஷ்ணா நகரில் ராணுவத்தினர் படகில் வந்து மக்களை மீட்க வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் அவ்வளவு இல்லை. போர்ட்டிகோவில் இரண்டேகால் அடியும் வீட்டுக்குள் முக்கால் அடியும் நின்றது.

தண்ணீர் வடிந்த மறுநாள் சாவியைத் திருப்பிப் பார்க்கத் துடித்த என்னை, மெக்கானிக் தொலைபேசியிலேயே தடுத்துவிட்டார். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம். இன்ஜின் பிழைத்தது. ஆனால் பின் அச்சின் நடுவே பற்சக்கரங்கள் உள்ள கிரௌன் பெட்டியிலிருந்து வடித்த எண்ணெய், தண்ணீர் கலந்து மோர்போல வெளுத்திருந்தது. டைனமோவும் நான்கு பிரேக் டிரம்களும் கழற்றப்பட்டன. இருக்கைக்குள் இருந்த தேங்காய் நார் ஊறி நாறியதால் அதை மீட்கவே முடியவில்லை. கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்துக்குள் தேங்கிய நீர்தான் இன்றுவரை தலைவலி, ஏனெனில் அந்தத் துரு வெளியே தெரியும்போது தகடு போயிருக்கும். 2014இல் உற்பத்தி நின்றுபோன காருக்குத் தகடு வெட்டி ஒட்ட ஆள் கிடைப்பதே அரிது.

அதன் பிறகு நான் விலை விசாரித்த வழிகளை இரு வகையாகப் பிரிக்கலாம்: தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பது, அல்லது தண்ணீர் வரட்டும் என்று விட்டு நனையக்கூடாதவற்றை மேலே ஏற்றுவது. நான் இரண்டாவதன் பக்கம் சாய்ந்தவன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தடுப்பு வகையில் மணல் மூட்டையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அது சாலையில் ஓடும் நீரைத் திருப்பிவிடும், நாள் கணக்கில் நிற்கும் நீரை நிறுத்தாது. காரை முழுவதும் நுழைத்து ஜிப்பை இழுத்து மூடும் பிளாஸ்டிக் உறை பார்ப்பதற்குக் கச்சிதமானதுதான். ஆனால் அம்பாசிடர் பதினாலு அடி நீளமும் ஐந்தரை அடி அகலமும் கொண்டு, ஏறக்குறைய 1.1 டன் எடை உள்ளது. அந்தப் பரப்பில் அரையடிக்குச் சற்று மேலான ஆழத்து நீரை விலக்கினாலே அந்த எடை மிதக்கும். தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளியைச் சேர்த்துக்கொண்டாலும், ஓரடியைச் சற்றுத் தாண்டியதும் உறையோடு கார் மிதந்துபோய்த் தூணில் இடிக்கத் தொடங்கும். நான்கு மூலையிலும் கயிறு கட்டித் தரையில் கொக்கி அடித்தவர்களுக்கே அது உதவும்.

வாசல் கேட்டில் இரு பக்கமும் தடம் பதித்து, அலுமினியப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, ரப்பர் பட்டையால் இறுக்கும் தடுப்பே உண்மையான போட்டியாளர். அது காரை மட்டுமன்றி வீட்டையும் சேர்த்துக் காக்கும் என்பதால் என் மனைவி அதைத்தான் விரும்பினார். அவர் வாதத்தில் நியாயம் இருந்தது. நான் தயங்கியதற்கு முதல் காரணம் மதில் சுவர். பத்தடி அகலக் கேட்டின் முன் மூன்றேகால் அடி உயரத்துக்கு நீர் நின்றால், பலகைகள் மீது மட்டும் ஏறக்குறைய ஒன்றரை டன் அழுத்தம் விழும். பலகை தாங்கும்; ஆனால் அதே அழுத்தத்தை அடிக்கு அடி சந்திக்கும் நாலரை அங்குலச் செங்கல் மதில் தாங்கும் என்று எந்தக் கொத்தனாரும் எனக்குச் சொல்லவில்லை. தவிர, எங்கள் பகுதி மணல் தரையில் நீர் அடியிலிருந்தும் ஊறும். பாதாளச் சாக்கடைக் குழாய் வழியாகக் கழிவறையிலும் பொங்கும். ஆகவே பலகை போட்டவர் பம்பும் வாங்கியாக வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது இந்தக் கேள்விதான்: ஆண்டில் பதினொரு மாதம் யாரும் தொடாத ஒரு பொருள், பன்னிரண்டாம் மாதத்தில் ஓர் இரவு, மின்சாரம் இல்லாமல், இருட்டில், கொட்டும் மழையில் சொன்னபடி கேட்குமா? பலகைத் தடுப்பின் ரப்பர் பட்டை வெயிலில் இறுகும். மாடிப்படிக்கு அடியில் வைத்தால் எலி கடிக்கும். கடற்காற்றின் உப்பு அலுமினியத் தடத்தில் வெள்ளையாகப் பூத்து, பலகை பாதியில் சிக்கிக்கொள்ளும். புயல் நேரத்தில் மின்துறையே இணைப்பைத் துண்டிப்பதால் பம்பு பெட்ரோலில் ஓட வேண்டும். டேங்கில் விட்டுவைத்த பெட்ரோல் சில மாதங்களில் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளையை அடைத்துவிடும். இதை எனக்குப் பம்புக் கடைக்காரர் சொல்லவில்லை, இரண்டு பழைய கார்களை வைத்திருப்பதால் நானே அறிந்தது. மாதம் ஒருமுறை பலகையை இறக்கி ஏற்றி, பம்பை ஓட்டிப் பார்க்கிற ஒழுங்கு உள்ளவருக்குப் பலகை நல்ல தேர்வு. எனக்கு அந்த ஒழுங்கு இல்லை என்பதற்கு என் பால்கனிச் செடிகள் சாட்சி.

காரை அப்படியே மேலே தூக்கி நிறுத்தும் நான்கு தூண் லிப்டையும் இதே கேள்வியால் அளந்தேன். வீராம்பட்டினம் பக்கம் நண்பர் ஒருவர் வைத்திருக்கிறார். மின்சாரம் போகுமுன் ஏற்றிவிட்டால், இரும்புப் பற்கள் பூட்டிக்கொண்டு கார் மேலேயே நிற்கும் என்பது அதன் பெரிய பலம். ஒரு காருக்குக் கீழே இன்னொன்றை நிறுத்தலாம் என்பதும் உண்மை. ஆனால் கடலோரத்தில் எஃகுக் கயிற்றை அடிக்கடி கிரீஸ் தடவிக் காக்க வேண்டும் என்று அவரே அலுத்துக்கொள்கிறார். நான் அதைச் சொந்தமாக வைத்திருந்ததில்லை என்பதால் இதற்கு மேல் தீர்ப்புச் சொல்வது முறையாகாது.

நான் கட்டியது மேடை. முழு மேடைகூட அல்ல. சக்கரங்கள் ஏறி நிற்க இரண்டு தடங்கள் மட்டும், இரண்டரை அடி உயரத்தில், செங்கல் கட்டி மேலே கான்கிரீட் போட்டது. இரண்டுக்கும் நடுவே தண்ணீர் தடையின்றி ஓடும். சாதாரண நாட்களில் வண்டிக்கு அடியில் படுத்து எண்ணெய் மாற்றலாம், இதுதான் நான் எதிர்பாராத லாபம். காரின் தரை சக்கரத்தின் பாதி உயரத்தில் இருப்பதால், மூன்று அடி நீருக்கும் இருக்கை நனையாது. சாய்தளத்தில்தான் கவனம் தேவைப்பட்டது. நாலடி நீளத்துக்கு ஓரடி ஏற்றம் போதும் என்று கொத்தனார் போட்ட மாதிரியில், மேடை விளிம்பைத் தாண்டும்போது சைலன்சர் உரசியது. ஆறடிக்கு ஓரடி என்று மாற்றியபோது உரசல் நின்றது, ஆனால் பதினைந்து அடி நீளம் தேவைப்பட்டது. அந்த நீளம் உள்ள பக்கச் சந்து எங்களுக்கு இருக்கிறது. இல்லாதவர்கள் இந்தப் பத்தியை விட்டுவிடலாம். ஸ்டார்ட் ஆகாத நாளில் வண்டியை இழுக்க, கையால் சுற்றும் கைவின்ச் ஒன்றைச் சுவரில் பொருத்தினேன். பராமரிப்பு என்று இருப்பது அதன் பற்சக்கரத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை கிரீஸ் மட்டுமே. மொத்தச் செலவு, நான் பலகைக்கும் பம்புக்கும் பெற்ற விலைப்பட்டியலில் பாதிக்கும் குறைவு.

வீட்டை ஜாக்கி வைத்து மொத்தமாகத் தூக்குவதைப் பற்றியும் விசாரித்தேன். தமிழ்நாட்டில் பல வீடுகளுக்குச் செய்திருக்கிறார்கள். எங்கள் வீட்டின் ஒரு சுவர் பக்கத்து வீட்டோடு சேர்ந்தது என்பதால் பேச்சு அத்தோடு முடிந்தது. பதிலாக ஸ்விட்ச் போர்டுகளையும் இன்வெர்ட்டரையும் நாலரை அடிக்கு மேல் ஏற்றினோம். கீழ் அலமாரிகளைக் காலி செய்தோம். கழிவுநீர்க் குழாயில் எதிர்நீர் புகாத வால்வு போட்டோம். வீட்டுத் தரை இன்னொரு ஃபெஞ்சலில் நனையத்தான் செய்யும். மொசைக் தரை என்பதால் கழுவிக்கொள்ளலாம் என்று ஏற்றுக்கொண்டேன். மரத் தரையோ மர அலமாரிகளோ உள்ளவர்கள் என் கணக்கைப் பின்பற்ற வேண்டாம்.

காப்பீட்டை ஒரு மாற்று வழியாக எண்ணுபவர்களுக்கு ஒன்று: மூன்றாம் நபர் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பொருந்தாது, முழுக் காப்பீட்டிலும் பழைய காரின் மதிப்பைப் புதுப்பிக்கும்போதே நிறுவனத்தோடு பேசி எழுதிக்கொள்ளாவிட்டால் கைக்கு வருவது பழைய இரும்பின் விலைதான்.

மேடையை இதுவரை அரையடி நீர்தான் சோதித்திருக்கிறது. அதை வைத்து நான் பெருமை பேசக்கூடாது. எங்கள் இரண்டாவது காரான, அப்பா விட்டுச்சென்ற பிரீமியர் பத்மினிக்கு மேடையில் இடமில்லை. அக்டோபர் பிறந்ததும் அதைக் கோரிமேட்டில் உள்ள மைத்துனர் வீட்டில் விட்டுவிட்டு, பொங்கலுக்குப் பிறகு ஓட்டிவருகிறோம். பெயரிலேயே மேடு உள்ள இடம். புயல் வலுவிழக்கும் என்றும் பிறகு இல்லை என்றும் முன்னறிவிப்பு மாறிக்கொண்டிருந்த 2024 நவம்பர் கடைசி வாரத்தில், இரண்டு கார்களையும் அங்கே கொண்டுபோக எனக்கு இரண்டு நாள் அவகாசம் இருந்தது. நாளை பார்க்கலாம் என்று விட்டேன். இப்போது தேதியைக் காலண்டரில் மனைவி குறித்துவைக்கிறார்.