ஆம்னியின் பின் ஆக்ஸில் பேரிங்: கணபதி ஒர்க்‌ஷாப் ஒன்றின் வேலை எப்படி?

கோவை கணபதியில் உள்ள ஒரு சிறிய ஒர்க்‌ஷாப்பில், எங்கள் பழைய மாருதி ஆம்னியின் இடப்பக்கப் பின் ஆக்ஸில் பேரிங்கை, அதாவது பின்சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்கை, அண்மையில் மாற்றினோம். வேலையில் குறையில்லை, பில்லில்தான் குறை.

மாற்றுவதற்கு முன், வேகம் கூடக் கூட இரைச்சலும் கூடியது. கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தாலும் அடங்கவில்லை. என்ஜினின் சுழற்சியை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலின் இரைச்சல் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் மாறும், பேரிங்கின் இரைச்சலோ வண்டியின் வேகத்தோடு மட்டுமே மாறும் என்று விளக்கிய மெக்கானிக், பின்சக்கரங்களை ஒவ்வொன்றாக ஜாக்கியில் தூக்கிக் கையால் சுழற்றி, லீஃப் ஸ்பிரிங்கின் மேல் விரல் வைத்து அதிர்வைப் பார்த்த பிறகே எந்தப் பக்கம் என்று சொன்னார்.

இவ்வண்டியில் பேரிங்கை ஷாஃப்டின் மேல் நகராமல் நிறுத்துவது, அதை ஒட்டி மிக இறுக்கமாக ஏற்றப்பட்டிருக்கும் ஓர் இரும்புக் காலர். அவசரக்காரர்கள் கேஸ் வெல்டிங் தீயில் சூடாக்கிச் சுத்தியலால் தட்டி அதைக் கழற்றுவதுண்டு. அந்தச் சூட்டில் ஷாஃப்டின் உறுதியே கெட்டுவிடக்கூடும். இங்கே காலரைக் கிரைண்டரால் மெலிதாக்கி, கல் ஷாஃப்டைத் தொடும் முன்பே நிறுத்தி, மிச்சத்தை உளியால் பிளந்தார்கள். புதிய பேரிங்கை, அழுத்தம் உள்வளையத்தின் மீது மட்டும் விழும்படி ஒரு குழாய்த் துண்டை வைத்து ஹைட்ராலிக் பிரஸ்ஸில் இறக்கினார்கள். வெளிவளையத்தில் அழுத்தினால் அது குண்டுகளின் வழியே கடந்து, அவை ஓடும் தடத்தில் தழும்பு விழும். புதிய பேரிங்கும் விரைவிலேயே சத்தம் போடத் தொடங்கும். பிரஸ்ஸுக்கு அருகில் நின்று நான் பார்த்தது இதைத்தான்.

ஷாஃப்டை உருவும்போது பிரேக் ஷூக்களைத் தாங்கும் தகடான பேக் பிளேட்டும் கூடவே வருவதால் பிரேக் பைப்பைக் கழற்றியாக வேண்டும். பிறகு பிரேக்கில் ஏர் எடுப்பதும், அதாவது பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றுவதும், கட்டாயம். அதைக் கேட்காமலேயே செய்தார்கள். கியர் ஆயில் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலும் புதிது. கியர் ஆயிலில் நனைந்திருந்த பிரேக் ஷூக்களைத் துடைத்துப் போட மறுத்து, இரு பக்கமும் மாற்றச் சொன்னது செலவைக் கூட்டினாலும் நியாயமானதே. ஷூவின் மேல் உராயும் பட்டையான லைனிங் உறிஞ்சிய எண்ணெய் சூடேறும்போது மறுபடி வெளியே வரும்.

பில்லில் இவையெல்லாம் ‘ஆக்ஸில் வேலை’ என்று ஒரே வரியில் அடங்கிவிட்டன. போலி பேரிங்குகள் புழங்கும் சந்தையில், எந்த நிறுவனத்தின் பேரிங், அதன் எண் என்ன என்பதையாவது எழுதித் தர வேண்டாமா? கேட்ட பிறகு பெட்டியைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். கூலி அக்கம்பக்கத்தைவிடச் சற்று அதிகம். பிரஸ் அங்கேயே இருந்து, ஷாஃப்டை லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கவில்லை என்பதால் அதை நான் பெரிதாக எண்ணவில்லை. மாலைக்குள் வண்டி வேண்டும் என்பவர்கள் காலையிலேயே போய்விடுவது நல்லது. அங்கிருப்பது ஒரே ஒரு பிரஸ், அதற்குப் பிற ஒர்க்‌ஷாப்களிலிருந்தும் ஆள் வருகிறார்கள்.